இரண்டு வண்டி எரு, நாற்பது வண்டி எரு

தென்கரை நாட்டில் மூக்காயி என்று ஒருத்தி இருந்தாள். பன்றி வளர்த்து, அதன் எருவை உழவர்களுக்குக் கொடுத்துப் பிழைத்தாள்.

அந்நாட்டு அமைச்சர் அறிவுடைநம்பி, ஆற்றுக்கு அப்பால் இருந்த வடகரை நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் அரசரிடம், "பன்றி எருவால் அங்கே நிலமெல்லாம் பாழாகிக் கிடக்கிறது. இங்கேயும் பன்றிகளை உடனே ஒழிக்க வேண்டும்" என்றார்.

சேதி கேட்டு மூக்காயி அரண்மனைக்கு ஓடினாள். "சாமி, பன்றி போனால் என் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே ஒரு காணிக்கு எத்தனை வண்டி எரு போடுகிறார்கள்?"

"நாற்பது வண்டி" என்றார் அமைச்சர்.

"இங்கே நன்றாக மக்கவைத்து இரண்டு வண்டிதானே போடுகிறோம்? நெல் செழிப்பாகத்தானே விளைகிறது?"

"இரண்டானால் என்ன, நாற்பதானால் என்ன? எரு எருதான்!" என்று அதட்டிய அமைச்சர், அவள்மேல் வீசிய வாடை தாங்காமல், மடியிலிருந்த அத்தர் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு மேல்துண்டில் தடவிக்கொண்டார்.

மூக்காயி கைகூப்பினாள். "அத்தரும் அத்தர்தானே சாமி? முழுக் குப்பியையும் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள்."

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊற்றிக்கொள்ளும், பார்ப்போம்" என்றார்.

அமைச்சர் பதறிப்போனார். "ஐயோ அரசே, அவ்வளவும் ஊற்றினால் மூச்சு முட்டிவிடும்! எதற்கும் ஓர் அளவு..." என்றவர் பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சபையே சிரித்தது. "பன்றிகள் இருக்கட்டும். நீர் வடகரைக்குப் போய் இந்த அளவைச் சொல்லிவிட்டு வாரும்" என்றார் அரசர்.

மூக்காயி வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டாள். அன்று பன்றிகளுக்குத் தவிடு கொஞ்சம் கூடவே வைத்தாள்.