தணிகாசலத்தின் மோட்டார் கயாக்

பழவேற்காடு ஏரியில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுத் தருபவள் மங்கை. வயது முப்பத்திரண்டு. அவளுடைய சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. ஓய்வு பெற்ற மின் பொறியாளர். அவளை "குருவே" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலியாகத் தொடங்கியது, பிறகு பழகிவிட்டது.

ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குத் தனியாகப் போய்க் கொடுவா மீன் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. குரு சரி என்றால்தான் போகலாம். ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கிடையில், இந்த ஞாயிறு எல்லார் வீட்டிலும் கொடுவாக் குழம்புதான் என்று தன் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மனுஷருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சனிக்கிழமை காலை, கயாக்கின் பின்பக்கம் ஒரு மின்மோட்டாரைப் பொருத்திக்கொண்டு வந்து இறங்கினார். கால்மாட்டில் பேட்டரி. ஒயர்களை வரிசையாக இழுத்துக் கட்டியிருந்தார். மங்கை சுற்றி வந்து பார்த்தாள். உண்மையிலேயே நல்ல வேலை.

"மோட்டார் பின்னாடி இருக்கு. நீங்க நடுவுல உக்காருவீங்க. கைப்பிடி எட்டாதே சார்?"

"அதுக்குத்தான் நீட்டி விட்டிருக்கேன் குருவே!" என்று மோட்டாரின் கைப்பிடியில் மாட்டியிருந்த அலுமினியக் குழாயைத் தட்டிக் காட்டினார்.

மங்கை குனிந்து பார்த்தாள். எங்கேயோ பார்த்த குழாய்.

"இது உங்க துடுப்பாச்சே?"

"ஆமா. ரெண்டு பக்கத்து மட்டையையும் அறுத்துட்டேன். தண்டு கச்சிதமா உக்காந்துடுச்சு. இனிமே துடுப்பு எதுக்கு?"

மங்கை சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எதற்கென்று தெரியாமலே அவரும் சேர்ந்து சிரித்தார்.

"ஃபுல் சார்ஜுல எவ்ளோ தூரம் போகும் குருவே?"

"வாங்க, பாத்துடலாம்" என்று அவள் தன் கயாக்கைத் தண்ணீரில் தள்ளினாள்.

தரைக்காற்று முதுகில் தள்ள, கடலுக்கு வடிகிற நீர் முகத்துவாரத்துப் பக்கம் இழுக்க, அவருடைய கயாக் பறந்தது. துடுப்புப் போட்டு வந்த குருவைத் தாண்டும்போது, "கயிறு கட்டி இழுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். அவள் போங்க போங்க என்று கையாட்டினாள்.

பேட்டரி பாதி என்று காட்டியதும் திரும்பினார். பாதியில் போனதைப் பாதியில் வந்துவிடலாம். பொறியாளர் அல்லவா, கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது காற்று முகத்தில் அடித்தது. நீரும் எதிர்த்தது. பேட்டரியில் ஒவ்வொரு விளக்காக அணைந்து, நடு ஏரியில் மோட்டார் நின்றுபோனது.

துடுப்பின் மட்டைகள் அவர் வீட்டு மொட்டைமாடியில் வடகத்துக்குக் காவலாக, காக்கை விரட்டிக்கொண்டிருந்தன. தணிகாசலம் இரண்டு கைகளாலும் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தார். கயாக் அதுபாட்டுக்கு முகத்துவாரத்தைப் பார்த்துப் போனது. அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"மங்கை!" என்று கத்தினார். குருவே என்று கூப்பிட நேரமில்லை.

அவள் வந்து கயிறு கட்டினாள். முக்கால் மணி நேரம் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டு இழுத்தாள். பயம் தெளிந்த தணிகாசலத்துக்குப் பாதி வழியில் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்க, அவளும் சிரிக்க, கயாக் இன்னும் மெதுவாகப் போனது.

கரையில் இறங்கிய பிறகும் மனுஷர் அசரவில்லை.

"தப்பு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு குருவே. பேட்டரி பத்தல. நாளைக்கு ரெண்டு பேட்டரி வெச்சுடறேன். அப்ப நான் தனியா எவ்ளோ தூரம் போகலாம், சொல்லுங்க."

மங்கை தன் துடுப்பை அவர் கையில் கொடுத்தாள்.

"மோட்டார் நின்னுபோனா, இதைப் போட்டு எவ்ளோ தூரம் திரும்பி வருவீங்களோ, அவ்ளோ தூரம் போங்க சார்."