பட்டுக்குள் உறங்கிய அளவுகோல்

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில் ராஜசபை கூடியது. நடுவே சிங்காதனத்தில் அரசர். வலப்புறம் பிரதானி வன்னிநாதர். இடப்புறம் காலஞ்சென்ற ராணியின் ஆசனம்; வெறுமை. அதன் காலடியில் இளவரசன் ஆதனின் சிறு முக்காலி, அதுவும் வெறுமை. தூணோரம், தரையில், விகடன் ஆண்டியப்பன்.

தாயை இழந்த ஆதன் மாமன் நாட்டில் வளர்ந்தான். அழைத்துவரப் போன தூதன் தனியாகத் திரும்பிவந்து, பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னான்: "அங்க வெளையாட எடமும் இல்ல, ஆளும் இல்ல. நான் வரல."

அரசர் சாளரத்தின் வழியே பார்த்தார். வன்னிநாதர் கட்டிய அரண்மனை வீதி பளிங்காய் மின்னியது. ஒரு குருவிகூட இல்லை.

"என் மகன் ஓடிவரும்படி ஒரு வீதி வேண்டும். யார் அமைப்பீர்?"

அரசர் விகடனோடு மட்டுமே மனம்விட்டுப் பேசுவது வன்னிநாதருக்கு நெடுநாள் எரிச்சல். "ஆண்டியப்பன் அமைக்கட்டும், அரசே. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும். ஆனால் மரபு மீறக் கூடாது. முடிசூடிய நாளில் அரசரின் உயரத்துக்கு வெட்டிய அளவுகோலால்தான் அளக்க வேண்டும். ஒரு விரற்கடை மாறினாலும் குற்றம்!"

"முடிசூடிய நாளில் வெட்டிய கோல்தானே, பிரதானியாரே?"

"அதேதான். காது கேட்காதோ?"

"நன்றாகக் கேட்டது சாமி."

ஆண்டியப்பன் நேரே கருவூலத்துக்குப் போனான். ஆண்டுதோறும் கற்பூரம் காட்டி வணங்கும் பட்டுப் பொதியை அவிழ்த்தான். உள்ளே ஒரு குட்டைக் கோல். தந்தை இறந்ததும் அரசர் முடிசூடியது ஏழு வயதில். அந்தக் கோலால் குனிந்து அளக்கச் சோம்பிய கொத்தர்கள், பழைய அரசரின் கோலாலேயே ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் பட்டுப் பொதியை ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை.

கோலைத் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்தான். அவர்கள் உயரத்துக்கு அது சரியாக இருந்தது. குயவர் வீட்டுப் பூவாத்தா கரிக்கட்டியும் கையுமாக அதிகாரம் பண்ணினாள்.

"யோவ் விகடரே, தள்ளி நில்லும். கோடு மறைக்குது. இங்க சறுக்கு மேடு. இங்க தண்ணிக் குழாய், கோல்ல முக்கா ஒசரம். எக்கிக் குடிச்சா மூக்குல ஏறுது."

"இந்த மூலை எதற்கம்மா?"

"கோவிச்சுக்கிட்டு ஒக்கார. தனியாத்தான். ஆனா எல்லாரும் கண்ணுக்குத் தெரியணும்."

அவள் போட்ட கோட்டிலேயே கொத்தர்கள் கட்டினார்கள். வன்னிநாதர் கொதித்தார்: "குட்டைக் கோல்! மரபுத் துரோகம்!"

ஆண்டியப்பன் கோலைக் கொண்டுவந்து அரசரின் பக்கத்தில் நிறுத்தினான். அது அவர் மார்புக்கும் எட்டவில்லை. "பிரதானியார் கேட்ட கோல், அரசே. ஒரு விரற்கடை மாறவில்லை."

அரசர் கோலின் நுனியை, ஒரு பிள்ளையின் தலையைப் போல, தடவினார்.

"இவ்வளவுதான் இருந்தேனா?"

அரசர் வீதிக்கு இறங்கி, கோபித்துக்கொண்டு உட்காரும் அந்த மூலையில் போய் உட்கார்ந்தார். பூவாத்தா இடுப்பில் கைவைத்து வந்தாள்.

"கோவமா?"

"இல்லையம்மா."

"அப்ப எந்திரிங்க. அழுகிறவங்க யாராச்சும் வருவாங்க."

அரசர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கழுத்து முத்துமாலையை ஆண்டியப்பனுக்குப் போட்டார். இனி எந்த வீதிக்கும் பிள்ளைகளே முதல் கோடு போட வேண்டும் என்று ஆணையிட்டார்.

பிறகு தம் கையாலேயே ஓலை எழுதினார்: 'ஆதா, வீதியில் ஓர் இடத்தை அளக்காமல் விட்டிருக்கிறோம். அதை நீ வந்து அளக்க வேண்டும். கோல் உன் முக்காலிமேல் இருக்கிறது.'

ஓலையைச் சுருட்டி, அரக்கு உருக்கி, முத்திரை பதித்தார். குதிரைவீரன் அதை வாங்கிக்கொண்டு புறப்பட்டபோது, வீதியில் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தி வழிவிட்டார்கள்.