காத்து நிற்காமல் பெண் கேட்ட கதை

கோவில்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் மூன்று மேதைகள் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்திவந்தார்கள். முதலாளி தவசிக்கனி அண்ணாச்சி. அவருக்காக யோசிக்க இசக்கிராஜ், யோசித்ததைச் செய்ய மாசானம். மூன்று பேருக்கும் சேர்த்துத் தலை மூன்று இருந்தது, அதில் சந்தேகமே இல்லை.

சமையல் காண்டிராக்டர் ஒருவருக்கு இவர்கள் ஆர்டர் எடுக்கும் வெப்சைட் செய்து கொடுத்திருந்தார்கள். ஆர்டர் போட்டதும் திரையில் வட்டம் சுற்றும். சர்வர் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறவரை சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வரோ சமையல்கட்டில் பருப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்காது. வாடிக்கையாளர்கள் வெறுத்துப்போய் வேறு ஆளைத் தேடிப் போனார்கள்.

காண்டிராக்டர் போட்ட சத்தத்தில், சென்னையிலிருந்து கனகவல்லி மேடம் என்ற நிபுணரை வரவழைத்தார்கள். அவர் போர்டில் மூன்றே வரி எழுதினார்: ‘கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்து நிற்காதே, உன் வேலையைப் பார். பதில் வராவிட்டால் அரை மணி கழித்து மறுபடி அனுப்பு. கேள்விக்கு ஒரு எண் கொடு, எந்த எண்ணுக்குப் பதில் வந்தது என்று பார்.’ எழுதிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். இன்னும் அரை நாள் இருந்து விளக்கியிருக்கலாம்.

மாசானம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, இதுல பொண்ணு கேக்கலாமா?”

கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பொன்மலர் மேல் அவனுக்கு எட்டு மாதமாக உயிர். கேட்கத்தான் பயம். கேட்டால், பதில் வருகிறவரை எதிரிலேயே நிற்க வேண்டுமே! இதற்கிடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வருவதாகப் பேச்சு. சோறு இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டான். எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

“காண்டிராக்டருக்குப் போடுததுக்கு முன்னால நாமளே போட்டுப் பாத்துருவோம்,” என்றார் அண்ணாச்சி.

புதன்கிழமை காலையில் மாடிப்படி நடுவில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தார்கள். ‘என்னைக் கட்டிக்கிட சம்மதமா? இப்படிக்கு மாசானம்’ என்று எழுதி, மூலையில் ‘எண் 1’ போட்டு, டின்னில் போட்டுவிட்டு மாசானம் ஓடிவந்து வேலையைப் பார்த்தான். அரை மணி ஆயிற்று. பதில் இல்லை. மறுபடி எழுதினான்.

“கேள்வி ஒண்ணுதான? பழைய நம்பரையே போட்டா என்ன?” என்று கேட்டான் இசக்கிராஜ்.

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். “தாள் வேற தாளுல்லா? நம்பரும் வேறதான்.”

வியாழக்கிழமை போனது. வெள்ளி மத்தியானம் நாற்பத்தோராவது கடிதம் உள்ளே போனது. பொன்மலரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

“ஏலே, அந்தப் பிள்ளகிட்ட டின்னு இருக்குன்னு சொன்னியா?” என்றான் இசக்கிராஜ்.

“எப்படிச் சொல்லுவேன்? சொல்லணும்னா எதிர்க்க போயி நிக்கணும்லா!”

நியாயம்தான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

நல்லவேளை, டின்னுக்கு இவர்களை விட அறிவு இருந்தது. நிரம்பி வழிந்து, படியில் உருண்டு, நேராக ஜெராக்ஸ் மெஷின் காலடியில் போய்க் கொட்டியது.

ஐந்தாவது நிமிஷம் பொன்மலர் கை நிறையக் கடிதங்களோடு மேலே வந்து நின்றாள். மாசானம் மேஜைக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

“எட்டு மாசமா ஒரு ஆதார் கார்டையே தினம் ஜெராக்ஸ் எடுக்க வந்தீரே, அப்பவே கேட்டிருக்கலாம்லா? எனக்குச் சம்மதம். சாத்தூர்க்காரங்கள வர வேண்டாம்னு எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்.”

“எந்த நம்பருக்குச் சம்மதம்னு கேளுல,” என்று கிசுகிசுத்தார் அண்ணாச்சி.

“நாப்பத்தொண்ணுக்கும்தான்!” என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “நாப்பத்தொரு கல்யாணமா! மண்டபத்துக்கு நான் எங்கவே போவேன்?”

“பொண்ணு ஒண்ணுதான அண்ணாச்சி?” என்றான் இசக்கிராஜ்.

“நம்பர் வேறல்லா!”

மாசானம் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது.

“கவலப்படாதிய அண்ணாச்சி. ஒரே மண்டபம் போதும். அவ காத்து நிக்க வேண்டாம், அவ பாட்டுக்குக் கடையப் பாக்கட்டும். நான் அரை மணிக்கு ஒரு தடவ போயி ஒரு தாலி கட்டிட்டு ஓடியாந்துருதேன்.”