அத்தானைக் கேட்காமல் பிரேக் போடாதே

மருதப்பனுக்குக் கார் ஓட்டத் தெரியும், லைசென்சும் உண்டு. இல்லாதது காரும் மூளையும்தான். காரை அக்காள் புருஷன் நம்பிராஜன் இரவல் கொடுத்துவிட்டார். மற்றதை யார் கொடுப்பது?

கடைசித் தம்பி ஆவுடைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அண்ணன்மார் மருதப்பனையும் குப்பாண்டியையும் பெண் பெற்றவர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். இந்த இடமும் தட்டிப்போனால் ஆவுடையும் ஆயுசுக்கும் அண்ணன்கள் பொங்கிப்போடுவதைத் தின்றே சாக வேண்டியதுதான்.

மருதப்பன் முன்ஜாக்கிரதைக்காரன். இன்சூரன்ஸ் ஏஜெண்டைப் போய்ப் பார்த்தான்.

"சார், அத்தான் காரை நான் ஓட்டி எங்கயாச்சும் இடிச்சா பணம் வருமா?"

"லைசென்ஸ் இருக்குல்லா? வரும். ஆனா எது செஞ்சாலும் ஓனர் அனுமதியோட செய்யணும். இடிச்சா, எங்க சர்வேயர் வந்து சேதத்தைப் பாக்குற வரைக்கும் எதையும் அசைக்கக் கூடாது" என்றார் ஏஜெண்ட், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. பணம் தராமலிருக்க வழி சொல்வதில் அவர் மன்னன்.

மருதப்பன் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டான்.

புறப்படும்போது குப்பாண்டி, ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருக்கும் அத்தானிடம் அனுமதி கேட்க, போனும் கையுமாக முன் சீட்டில் உட்கார்ந்தான்.

"அத்தான், சாவியைத் திருப்பலாமா?"

"திருப்பு மாப்ளே."

"அத்தான், முதல் கியர் போடலாமா?"

"போடுல."

"அத்தான், குறுக்க ஒரு ஆடு நிக்கு. ஹாரன் அடிக்கலாமா?"

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வதற்குள் ஆடு தானாகவே போய்விட்டது. இப்படியே பெண் வீட்டுத் தெரு வரை வந்துவிட்டார்கள். எதிரே பெண் வீட்டு மதில்.

"பிரேக் போடணும், கேளுல!" என்றான் மருதப்பன்.

"லைன் பிஸின்னு வருதுண்ணே."

பிஸிதான். இனி என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்ல, அத்தான் அதே நேரத்தில் இவர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சுவரு கிட்ட வந்துட்டு!" என்று பின் சீட்டிலிருந்து ஆவுடை அலறினான்.

"வரட்டும். கேக்காம பிரேக் போட்டா ஒத்தப் பைசா தரமாட்டாவ."

மதிலில் பாதி விழுந்தது. காரின் முன்பக்கம் சப்பையாகிப்போனது.

பெண்ணின் அப்பா பதறி ஓடிவந்தார். "அடி கிடி பட்டுட்டா? இறங்குங்கய்யா!"

"எதையும் அசைக்கக் கூடாது மாமா" என்றான் மருதப்பன், உதட்டைக்கூட அசைக்காமல்.

அவன் கை ஸ்டியரிங்கில் இருந்தபடி இருந்தது. குப்பாண்டியின் போன் காதில் இருந்தபடி இருந்தது. அலறின ஆவுடையின் வாய் திறந்தபடியே இருந்தது. பெண் காபியை ஜன்னல் வழியாக நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. அவள் ஆவுடையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"இவுகளுக்குப் பல்லு நல்லாருக்குப்பா" என்றாள்.

மருதப்பனுக்குக் கண் கலங்கியது. அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு பெண் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

சாயங்காலம் சர்வேயர் வந்து, தன் மோட்டார் சைக்கிளைக் காருக்குப் பின்னால் நிறுத்தினார்.

"ஓனர் அனுமதியோடதான் ஓட்டுனீங்களா?"

"எல்லாம் கேட்டுத்தான் சார் செஞ்சோம். சாவி, கியர், ஹாரன்..." மருதப்பனுக்கு முகம் வெளுத்தது. "ஏல குப்பாண்டி, இடிக்கலாமான்னு கேட்டியா?"

"கேக்கலியேண்ணே!"

"கெட்டுது போ! போடுல போனை!"

இந்தத் தடவை அத்தான் கிடைத்தார். "என்னத்தையும் செஞ்சு தொலைங்கல!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

மருதப்பனுக்குப் போன உயிர் திரும்பியது. "சார், ஓரமா நில்லுங்க. இப்ப முறைப்படி இடிச்சிருதோம்" என்று ரிவர்ஸ் எடுத்தான். மோட்டார் சைக்கிள் நசுங்கியது. பிறகு முன்னால் வந்து மிச்சப் பாதி மதிலையும் தள்ளினான்.

சர்வேயர் ஐயோ என்று தன் வண்டியைத் தூக்க ஓடினார்.

"தொடாதீங்க சார்!" என்று மருதப்பன் ஜன்னல் வழியாகக் கத்தினான். "வேற சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் எதையும் அசைக்கக் கூடாது!"

பின் சீட்டில் ஆவுடை, பெண் இன்னொரு தரம் பார்க்கட்டும் என்று, வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டான்.