நியூட்ரல்தானே?

பஸ்ஸுல இருவத்தெட்டு வருசம் விசில் ஊதுன பலவேசம், ரிட்டயரானதும் வயரிங் கத்துக்கப் போனாரு. குரு யாருங்கீங்க? எஸ்தர். அவரு மக வயசு. இவரு "டீச்சரம்மா"ம்பாரு, அந்தப் பொண்ணு "அண்ணாச்சி"ங்கும். குண்டு பல்பு மஞ்சளா எரிஞ்ச காலம். அந்த வெளிச்சம் இப்பவும் பலவேசம் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஒரு மத்தியானம், மாவு அரைச்சு விக்கிற சலேத்தக்கா வீட்டுல இருந்து ஆள் வந்துச்சு. மூணு பேஸ் கரண்டு வர்ற வீடு. ரெண்டு பேரும் போய் நின்னதும் சலேத்தக்கா படபடத்துச்சு.

"கிரைண்டரைப் போட்டா அடுப்படி பல்பு அழுது வடியுது, ஹால் பல்பு வெடிக்கிற மாதிரி எரியுது. சீக்கிரம் பாருங்க, கல்யாண வீட்டு மாவு!"

பலவேசம் பிளக்குல டெஸ்டரை விட்டாரு. ரெண்டு ஓட்டையிலயும் எரிஞ்சுது.

"டீச்சரம்மா! கரண்டு ரெண்டு படியிலயும் தொங்கிக்கிட்டு வருது!"

எஸ்தர் மெயின் பலகையில மீட்டரை வச்சுப் பாத்துச்சு. ஒரு பேஸ்ல முந்நூத்திப் பத்து வோல்ட்டு. இன்னொண்ணுல நூத்தியிருவது.

"கூடுதலா வரல அண்ணாச்சி. திரும்பிப் போற வழி அந்துபோச்சு. நியூட்ரல்."

"நியூட்ரல்தானே?" பலவேசம் ஜோசியக்காரர் குரலுக்கு மாறுனாரு. "சாதுவான கிரகம். தொட்டா ஒண்ணும் செய்யாது. ஒரே ஒரு திருகு..." ஸ்க்ரூடிரைவரோட கைய நீட்டுனாரு.

எஸ்தர் அந்தக் கையப் பிடிச்சு இழுத்துச்சு. மெயினை டக்குனு அமத்துச்சு. கிரைண்டர் பாதியில நின்னுபோச்சு.

"ஏட்டி, என் மாவு!"

"லைன்மேன் வர்ற வரைக்கும் யாரும் பலகையத் தொடக்கூடாதுக்கா." சொல்லிட்டு வாசல்ல போய் உக்காந்துக்கிச்சு.

பலவேசத்துக்கு ரோசம். "அதான் மெயினை அமத்தியாச்சே. இன்னும் என்ன பயம்?"

"கம்பத்துல இருந்து மெயின் வரைக்கும் வருதே, அத யாரு அமத்துனா?"

லைன்மேன் வந்தாரு, லைனை நிறுத்திட்டு ஏறிப் பாத்தாரு. உப்புக் காத்து நியூட்ரல் கம்பியத் தின்னு வச்சிருந்துச்சு. புதுசு மாட்டி லைனை விட்டாரு. எஸ்தர் திரும்பவும் மீட்டரை வச்சுச்சு. மூணுலயும் இருநூத்தி முப்பது. அப்புறந்தான் மெயினைப் போட்டுச்சு.

பலவேசம் பையத் தூக்கிக்கிட்டு கூடவே நடந்தாரு.

"நெசமாவே தொட்டிருந்தா என்னம்மா ஆயிருக்கும்? நியூட்ரல் ஒண்ணும் செய்யாதுன்னு ஊரே சொல்லுதே."

"எங்க அண்ணன் நல்லா குரல் மாத்திப் பேசுவான், அண்ணாச்சி. உங்களவிட."

"அப்படியா! எங்க இருக்காரு? ஒரு நாள் போட்டி வச்சிருவோம்."

எஸ்தர் நடந்துக்கிட்டே சொல்லுச்சு. "அவனும் ஊரு சொன்னதத்தான் நம்புனான்."