கழுவாத கல்

தூத்துக்குடியில் எப்சிபா கடல்மீன் தொட்டி வளர்க்கக் கற்றுக்கொடுத்து வந்தாள். அவளிடம் கற்க வந்தவர்களில் தவசிலிங்கம்தான் வயதில் மூத்தவர். அவளுக்கு அப்பா வயது இருக்கும். ஆனாலும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வீட்டிலிருந்த கண்ணாடித் தொட்டியைக் கேட்டு அடம்பிடித்து வாங்கியது அவருடைய மகள் மதுவந்தி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தண்ணீர் நிரப்புவதற்கு முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

அவளுக்குப் பிறகு அதில் அவர் விட்ட மீன்கள் மூன்றாவது தடவையும் செத்து மிதந்தன. எப்சிபாவை வீட்டுக்கு அழைத்துப் போனார்.

"தண்ணியில விஷம் சேராம இருக்க நீங்க கொடுத்த ரெண்டு வகை பாக்டீரியாவும் ஊத்துனேன் டீச்சர். என் கை பட்டா எதுவுமே ஏன் தங்க மாட்டேங்குது?"

அவள் தொட்டிக்குள் பார்த்தாள். கற்கள் பளிச்சென்று இருந்தன.

"கல்லைக் கழுவுனீங்களா அண்ணாச்சி?"

"ஒவ்வொரு தடவையும். குழாத் தண்ணியில தேச்சுத் தேச்சுக் கழுவுனேன். இது அவ அறை. இங்க சாவு வாடை இருக்கக் கூடாது."

"பாக்டீரியா அந்தக் கல்லுலதான் ஒட்டியிருக்கும். குழாத் தண்ணியில குளோரின் இருக்கு. பட்டா செத்துரும்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான்தான் கொன்னிருக்கேன்."

எப்சிபா புதுக் கடல்நீர் நிரப்பச் சொன்னாள். இரண்டு பாக்டீரியா பாட்டில்களையும் தானே ஊற்றினாள். பிறகு அடுக்களையிலிருந்து ஒரு பச்சை இறாலைக் கேட்டு வாங்கித் தொட்டிக்குள் போட்டாள்.

"இது அழுகிருமே டீச்சர்."

"அழுகட்டும். அதுலேர்ந்து வர்ற விஷத்தைத் தின்னுதான் முதல் வகை பெருகும். அது இன்னொரு விஷத்தை விடும். ரெண்டாவது வகை அதைத் தின்னு பெருகும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"எதையும் கழுவாதீங்க."

அறை நாறியது. இறால் வெளுத்தது, நூல் நூலாகப் பிரிந்தது. தவசிலிங்கம் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரால் அப்படி உட்கார முடிந்ததில்லை. வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

சில வாரங்கள் கழித்து எப்சிபா வந்து தண்ணீரைச் சோதித்தாள். இரண்டு விஷமும் இல்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். உள்ளே ஒரு சின்ன ஆரஞ்சு மீன் இருந்தது.

அவர் கை நீட்டவில்லை.

"விட்டா சாகாதா டீச்சர்?"

"சாகும் அண்ணாச்சி. இந்தத் தண்ணியால சாகாது."