மஞ்சள் துணிக்குள் ஒரு மணல்

கோயம்புத்தூரில், கார்களைக் குளிப்பாட்டி மினுக்கி அனுப்புகிற பட்டறை ஒன்றில் நாற்பது துணிகள் குடியிருந்தன.

எல்லாமே மைக்ரோஃபைபர் துணிகள். கண்ணுக்குத் தெரியாத பல்லாயிரம் இழைகள்தான் அவற்றின் உடம்பு. ஈரமோ தூசியோ, தொட்டதை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். அவற்றில் நீலமும் மஞ்சளும் ஒரே பாக்கெட்டில் வந்தவை. பாக்கெட்டில் நீலம் மேலே இருந்தது, மஞ்சள் அதன் அடியில். அதனால் மஞ்சள் நீலத்தை அக்கா என்றே கூப்பிடும்.

இரண்டுக்கும் கௌரவமான வேலை. கழுவி முடித்த வண்டியின் மேனியைக் கடைசியாகத் துடைத்துப் பளபளக்க வைக்கிற வேலை.

பட்டறையில் ஒரு கண்டிப்பு உண்டு. தரையில் விழுந்த துணி மறுபடி வண்டியின் மேனியைத் தொடக் கூடாது. மூலையில் இருந்த கறுப்பு பக்கெட்டுக்குப் போய், டயரும் சக்கரமும் துடைக்க வேண்டியதுதான். அங்கே போன துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த பக்கெட்டைப் பற்றிப் பேசும்போது துணிகள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

துணிகளைத் துவைப்பவள் கனகமணி. பன்னிரண்டு வருஷமாக அவள் கைதான். மற்ற துணிகளோடு சேர்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் கட்டிய கம்பியில் காயப்போடுவாள். "கடு வெயில்ல போட்டா வெறைச்சுப் போயிருவீங்க, நிழல்லயே கிடங்க" என்று துணிகளிடமே பேசுவாள். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் இடது கையில் விரித்து, வலது கையால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துத்தான் மடிப்பாள். ஒரு துரும்பு இருந்தாலும் அவள் விரல் நின்றுவிடும்.

ஒரு மத்தியானம் காற்று பலமாக அடித்தது. மஞ்சளைப் பிடித்திருந்த கிளிப் தெறித்தது. மஞ்சள் பறந்து, பக்கத்துச் சுவர் வேலைக்காகக் கொட்டியிருந்த மணலில் போய் விழுந்தது. கனகமணி அப்போது உள்ளே அடுத்த பக்கெட்டுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி எடுக்க வந்த ஒரு டிரைவர், போனில் பேசிக்கொண்டே மஞ்சளை எடுத்து உதறி, நீலத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அந்தக் கண்டிப்பு தெரியாது.

"அக்கா, உள்ளே ஏதோ குத்துது" என்றது மஞ்சள்.

நீலம் பார்த்தது. ஓரத் தையலுக்குப் பக்கத்தில், இழைகளுக்கு நடுவே ஒரு மணல் துகள் மாட்டியிருந்தது. கடுகில் பாதிகூட இல்லை.

"கீழே தள்ளிவிடு."

"தள்ளிப் பார்த்துட்டேன். பிடிச்சதை விடத் தெரியாதே நமக்கு."

"சரி, கனகமணி வரட்டும். அவ விரல்ல தட்டுப்பட்டுரும்."

மஞ்சள் அழ ஆரம்பித்தது. "தட்டுப்பட்டா நான் கறுப்பு பக்கெட்டுக்குத்தானே போகணும்? அக்கா, நீ இல்லாம நான் எங்கேயும் இருந்ததே இல்லை. என்னைக் காட்டிக் கொடுத்துராதே."

நீலத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தங்கை அழுவதைப் பார்க்கவும் முடியவில்லை. ஒரு மணல்தானே, அடுத்த துவையலில் தானாகப் போய்விடும் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டது. கனகமணியின் காலடிச் சத்தம் கேட்டதும், தன் இழைகளை எல்லாம் விரித்து, மணல் இருந்த பக்கமாகப் பார்த்து மஞ்சளோடு இறுக ஒட்டிக்கொண்டது.

கனகமணி இழுத்தபோது இரண்டும் ஒன்றாகவே வந்தன.

"என்னங்கடி இது, ரெண்டு பேரும் இப்படி ஒட்டிக்கிட்டு?" என்று சிரித்தாள். பிரிக்கப் பார்த்தாள். நீலம் விடவில்லை. சரி கிடக்கட்டும் என்று அப்படியே கையில் விரித்து மேல்பக்கம் தடவினாள், திருப்பிப் போட்டு அடிப்பக்கம் தடவினாள். மணல் நடுவில் இருந்தது. விரல் நிற்கவில்லை.

மடித்து அடுக்கில் வைத்தாள்.

மறுநாள் காலை ஜெயசீலி டீச்சர் கறுப்பு கார் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் ஓட்டிய வண்டி. அவர் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. டீச்சருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அவருடைய கூடப்பிறந்த தம்பிதான் ஓட்டிவந்தார்.

"விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம் தம்பி" என்று முருகானந்தத்திடம் சொன்னார் டீச்சர். முருகானந்தம்தான் பட்டறையில் மெருகு வேலை பார்ப்பவன். "போறப்ப அவர் வச்சிருந்த மாதிரியே போகணும். அவ்வளவுதான்."

முருகானந்தம் பயபக்தியோடு கழுவினான். நீலத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, மஞ்சளை எடுத்து விரித்து, காரின் பானெட்டில் வைத்து வட்டமாகத் தேய்த்தான்.

"ஏன் கடிக்கிறே?" என்றது கார்.

மஞ்சளுக்கு உயிரே நின்றுபோனது. நகர மறுத்தது, சுருண்டு பார்த்தது. கை அழுத்துகிறபோது துணி என்ன செய்ய முடியும்?

"பதினோரு வருஷம் அவர் என் மேல ஒரு கீறல் விழ விட்டதில்லை" என்றது கார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "போற அன்னைக்கா இது?"

முருகானந்தம் கையை எடுத்துப் பார்த்தான். கறுப்பின் மேல் பிறை பிறையாக ஏழெட்டுக் கோடுகள். பாலிஷ் போட்டான். மெல்லியவை மறைந்தன, மூன்று கோடு மறையவில்லை. டீச்சர் வந்து பார்த்தார். திட்டவில்லை. கீறலின் மேல் ஒரு விரலை வைத்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "பரவால்ல தம்பி, யாரும் வேணும்னு செய்யறதில்லை" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அவர் போன பிறகு முருகானந்தம் மஞ்சளை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, மணலை நகத்தால் கிள்ளி எடுத்தான். முதலாளி சம்பத் கனகமணியைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"ஏனக்கா, இதைப் பார்க்கலையா?"

கனகமணி மணலைத் தன் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள்.

"பார்த்தேனுங்க. ரெண்டு பக்கமும் தடவித்தான் வச்சேன்." சொல்லிவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். "எனக்குத்தானுங்க சொரணை போயிருச்சாட்ட இருக்குது. இத்தனை பெரிசு, தெரியாம விட்டிருக்கேன்."

"ஒரு தடவைதானே, விடுங்க."

"இல்லைங்க. அந்தம்மா விரலை வச்சு நின்னதை நானும் பார்த்தேன். இனி என் கையை நம்பி நானே துணி மடிக்க முடியாதுங்க."

"நான்தான் மறைச்சேன்! உன் கை மேல தப்பில்லை!" என்று நீலம் கத்தியது. துணியின் பேச்சு துணிகளுக்குக் கேட்கும், கார்களுக்குக் கேட்கும். மனுஷர்களுக்குக் கேட்காது.

மறுநாளிலிருந்து கனகமணி வரவில்லை. பக்கத்துத் தெரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பட்டறையில் துணி துவைக்க ஒரு மெஷின் வாங்கி வைத்தார்கள்.

மஞ்சள் கறுப்பு பக்கெட்டுக்குப் போனது. முதல் நாள் காயப்போட்டபோது, தூரக் கம்பியிலிருந்து நீலம் தயங்கித் தயங்கிக் கேட்டது: "எப்படி இருக்கே?"

"இங்கே எல்லாருமே விழுந்தவங்கதான் அக்கா" என்றது மஞ்சள். உடம்பெல்லாம் கரி. "வந்ததும் நகர்ந்து இடம் விட்டாங்க. ஏன் விழுந்தேன்னு ஒருத்தரும் கேட்கலை. இதுக்குப் போயா அப்படிப் பயந்தேன்?"

நீலம் கனகமணி துவைக்கிற இடத்தைப் பார்த்தது. அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து, விட்டுப்போன டிபன் பாக்ஸை எடுக்க கனகமணி வந்தாள். கம்பியைத் தாண்டிப் போகும்போது, பழக்க தோஷத்தில் அவள் கை நீலத்தை நோக்கி நீண்டது. தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது சட்டென்று நின்றது. நெருப்பைத் தொடப் போனவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

நீலம் காற்றில் ஆடி அந்தக் கையை எட்டப் பார்த்தது. எட்டவில்லை.

தன் விரல் தன்னை ஏமாற்றிவிட்டது என்றுதான் கனகமணி சாகும்வரை நினைத்திருந்தாள்.